கியூ 64.1: பிறவிச் சிறுநீர்ப்பைக் குறைபாடு எந்தப் பெட்டியில் விழுகிறது?

பிறந்த குழந்தையின் அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, செக்கச்செவேலென்று ஈரமாக ஒரு திட்டு. தோல் மூடியிருக்க வேண்டிய இடத்தில் சிறுநீர்ப்பையின் உட்புறச் சவ்வே வெளியே தெரிகிறது. சிறுநீர் தேங்குவதற்கு இடமில்லாமல் அந்தத் திட்டின் மேலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்கும் மருத்துவர் நோயின் பெயரைச் சொல்ல ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் சில நோய்களில் இதுவும் ஒன்று.

அதே குழந்தையின் கோப்பு கோடிங் மேசைக்குப் போனதும் கதை மாறுகிறது. அங்கே இருக்கும் கோடர் குழந்தையைப் பார்க்கப்போவதில்லை. மருத்துவர் எழுதிய சில வரிகளைப் படித்து, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு பட்டியலிலிருந்து ஒரு குறியீட்டை எடுக்க வேண்டும். கண்ணுக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும் நோய் காகிதத்தில் குழம்பிப்போவது எப்படி என்று பார்த்தால், நோய்க் குறியீடு என்ற ஏற்பாடே எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கரு உருவாகும் தொடக்க வாரங்களில் அதன் கீழ்ப்பகுதியில் குளோவகா என்ற ஒரே அறைதான் இருக்கும். பிற்பாடு மலக்குடல் ஒரு பக்கமும் சிறுநீர்ப்பை ஒரு பக்கமுமாக அது பிரிகிறது. அதன் முன்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும். அந்தச் சவ்வுக்குப் பின்னால் தசையும் எலும்பும் ஆகவேண்டிய திசு வந்து நிரம்பினால் வயிற்றுச் சுவர் ஒழுங்காக மூடிக்கொள்ளும். அது நிரம்பாமல் சவ்வு கிழிந்துபோனால் உள்ளே இருப்பது வெளியே திறந்துவிடும். கிழிசல் எவ்வளவு தூரம், எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்துப் பாதிப்பு கூடும், குறையும். லேசானது எபிஸ்பேடியாஸ்: சிறுநீர்ப்பை உள்ளேதான் இருக்கும், சிறுநீர் வெளியேறும் குழாயின் மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கும். நடுவில் இருப்பது நாம் பேசும் கிளாசிக் எக்ஸ்ட்ரோஃபி. கடுமையானது குளோவகல் எக்ஸ்ட்ரோஃபி: சிறுநீர்ப்பை இரண்டு பாதியாகப் பிளந்து, நடுவே குடலும் வெளியே வந்திருக்கும். கிளாசிக் வகை 30,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்கிறார்கள்; ஆண் குழந்தைகளிடம் அதிகம். குளோவகல் வகை 2,00,000 முதல் 4,00,000 பிறப்புகளுக்கு ஒன்று.

அறுவை மருத்துவர்கள் இவை மூன்றையும் ஒரே குடும்பமாகத்தான் பார்க்கிறார்கள். எக்ஸ்ட்ரோஃபி-எபிஸ்பேடியாஸ் காம்ப்ளெக்ஸ் என்று ஒரு பொதுப்பெயரே உண்டு. குறியீட்டுப் பட்டியல் அப்படிப் பார்ப்பதில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பட்டியலின் பெயர் ஐசிடி, அதாவது நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு. 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் சாவுக்கான காரணங்களைப் பட்டியலிட்டபோது இதற்கு விதை விழுந்தது. ஆரம்பத்தில் இறந்தவர்களை எண்ணுவதற்கான பட்டியல் இது, உயிரோடிருக்கும் நோயாளிக்கானது இல்லை. 1948இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று ஆறாம் பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான், சாவில் முடியாத நோய்களும் முறையாக உள்ளே வந்தன. எண்ணுவதற்காகப் பிறந்த பட்டியல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அதன் பல வினோதங்கள் வினோதமாகத் தெரியாது. எண்ணுபவருக்குப் பெட்டிகள் குறைவாக இருந்தால் வசதி. சிகிச்சை தருபவருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெட்டி வேண்டும்.

1990இல் ஒப்புதல் பெற்ற பத்தாம் பதிப்பில் பிறவிக் குறைபாடுகளுக்கு 17ஆம் அத்தியாயம். எல்லாக் குறியீடுகளும் கியூ என்ற எழுத்தில் தொடங்கும். கியூ 60 முதல் 64 வரை சிறுநீர் மண்டலம். அதில் கியூ 64 என்பது, சிறுநீரகத்துக்கும் அதன் குழாய்களுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சியவற்றுக்கான வீடு. எபிஸ்பேடியாஸுக்கு 64.0, எக்ஸ்ட்ரோஃபிக்கு 64.1, பின்புற யூரேத்ரா வால்வுக்கு (சிறுநீர் வெளியேறும் குழாயை அடைக்கும் சவ்வு) 64.2. உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பட்டியல் 64.1 என்பதோடு நின்றுவிடுகிறது. கிளாசிக் என்றாலும் குளோவகல் என்றாலும் ஒரே எண்தான். பட்டியலை அப்படியே பயன்படுத்தும் நாடுகளில் கோடருக்குக் குழப்பம் இல்லை. பிரித்தறிவதற்கான வழியும் இல்லை.

அமெரிக்கா அதை விரித்து ஐசிடி-10-சிஎம் என்று தனக்கென ஒரு பதிப்பை வைத்திருக்கிறது. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே அதுதான் நடைமுறை. அதற்கு முன் இருந்த ஒன்பதாம் பதிப்பில் எக்ஸ்ட்ரோஃபிக்கு 753.5 என்று ஒரே எண். புதிய பதிப்பில் 64.1 என்பது வெறும் தலைப்பு. இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் அதை மட்டும் போட்டால் முழுமையற்ற குறியீடு என்று திரும்பி வந்துவிடும். புள்ளிக்குப் பின் இரண்டாவது இலக்கம் ஒன்று கட்டாயம். அதற்கு நான்கு வாய்ப்புகள்.

64.10 என்றால் வகை குறிப்பிடப்படாத எக்ஸ்ட்ரோஃபி. 64.11 என்றால் சுப்ராவெசிகல் ஃபிஷர், அதாவது சிறுநீர்ப்பையின் மேற்பகுதி மட்டும் பிளந்து, கீழ்ப்பகுதி ஏறக்குறைய ஒழுங்காக அமைந்திருப்பது. 64.12 குளோவகல் வகை. 64.19 'மற்றவை'.

இந்த நான்கையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கிளாசிக் எக்ஸ்ட்ரோஃபி எங்கே? மிக அரிதான சுப்ராவெசிகல் பிளவுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அரிதினும் அரிதான குளோவகல் வகைக்கும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் முதல் படமாக வரும், இந்த நோயோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருக்கும் வகைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. 'குறிப்பிடப்படாதது', 'மற்றவை' என்ற இரண்டு அறைகளில் ஏதோ ஒன்றில் அது ஒண்டிக்கொள்ள வேண்டும்.

எதில் என்பதைச் சொல்ல வேண்டியது அகரவரிசை அட்டவணை. ஐசிடி-10-சிஎம் விதிப்படி கோடர் முதலில் அட்டவணையில் சொல்லைத் தேட வேண்டும். பிறகு முதன்மைப் பட்டியலுக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். அட்டவணையில் எக்ஸ்ட்ரோஃபி, அதன் கீழ் பிளாடர் என்று தேடினால் 64.10 கிடைக்கும். அதற்கு உட்பிரிவாக 'குறிப்பிட்ட வகை, வேறெங்கும் வகைப்படுத்தாதது' என்று பார்த்தால் 64.19. சரி, மருத்துவர் வெறுமனே 'பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி' என்று எழுதியிருந்தால் 64.10, அதில் சிக்கலில்லை. 'கிளாசிக் பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி' என்று எழுதியிருந்தால்? வகையை அவர் சொல்லிவிட்டார். சொன்ன வகைக்குப் பட்டியலில் தனி இடமில்லை. தர்க்கப்படி அது 64.19தான். ஆனால் கிளாசிக் என்ற சொல் அட்டவணையில் இல்லாததால், ஒரு கோடர் அதை வெறும் அடைமொழியாக எடுத்துக்கொண்டு 64.10 போட்டால் அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. என் கணக்கு 64.19 பக்கம்தான். மருத்துவர் தெரிந்து எழுதிய ஒன்றைத் 'தெரியவில்லை' என்ற அறையில் போடுவது எனக்கு நெருடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த நோய்க்குப் பழைய பெயர்கள் இரண்டு: எக்டோபியா வெசிகே, எக்ஸ்ட்ரோவர்ஷன் ஆஃப் பிளாடர். மூலப் பட்டியலில் இரண்டும் 64.1இன் கீழ் அக்கம்பக்கமாக, ஒரே பொருளில் இருக்கின்றன. அமெரிக்கப் பதிப்பில் முதல் பெயர் 64.10க்கும் இரண்டாவது 64.19க்கும் போய்விட்டது. ஆக, ஒரே குழந்தையை இரண்டு மருத்துவர்கள் பார்த்து, ஒருவர் ஒரு பழைய பெயரையும் மற்றவர் இன்னொரு பழைய பெயரையும் எழுதினால், குழந்தைக்கு இரண்டு வெவ்வேறு குறியீடுகள் கிடைக்கும். நோயில் மாற்றமில்லை. மருத்துவர் படித்த கல்லூரியில் எந்தப் பெயர் புழக்கத்தில் இருந்ததோ அதைப் பொறுத்தது.

'குறிப்பிடப்படாதது', 'மற்றவை' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வெட்டி வம்பாகத் தோன்றலாம். நான்காவது, ஐந்தாவது இடத்தில் வரும் 0 அல்லது 9 பல இடங்களில் 'விவரம் போதவில்லை' என்று சொல்லும். 8 அல்லது 9 'விவரம் இருக்கிறது, பெட்டிதான் இல்லை' என்று சொல்லும். முன்னது கோப்பின் குறை, பின்னது பட்டியலின் குறை. ஒரு மருத்துவமனையின் கோப்புகளில் முன்னது நிறைய இருந்தால் எழுதுகிறவர்களிடம் பேச வேண்டும். பின்னது நிறைய இருந்தால் பட்டியலைத் தயாரிப்பவர்களிடம் பேச வேண்டும். எக்ஸ்ட்ரோஃபியில் இரண்டும் கலந்துவிடுவதால் யாரிடம் பேசுவது என்றே தெரியாது.

பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்க்கலாம். 64.4 யூரேக்கஸ் குறைபாடுகள். கருவில் சிறுநீர்ப்பையையும் தொப்புளையும் இணைக்கும் குழாய் பிறப்புக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் தொப்புள் வழியே சிறுநீர் கசியும். பாதி மூடினால் நடுவில் நீர்க்கட்டி தங்கிவிடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு, அவசரம் வேறு, குறியீடு மட்டும் ஒன்று. 64.5 சிறுநீர்ப்பையே இல்லாமல் பிறப்பது, மிக மிக அரிது. 64.70, 64.79 ஆகியவை இங்கேயும் காத்திருக்கும் 'குறிப்பிடப்படாதது', 'மற்றவை'.

இவற்றில் நிதானமாகப் பார்க்க வேண்டியது 64.6. சிறுநீர்ப்பைச் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி வெளியே பை போலப் பிதுங்குவதை டைவர்ட்டிகுலம் என்கிறார்கள். பிறவியிலேயே இருந்தால் கியூ 64.6. பிற்பாடு வந்தால் என் (N) 32.3. இது வேறு அத்தியாயம், வேறு எழுத்து. அட்டவணையில் வெறும் பிளாடர் டைவர்ட்டிகுலம் என்று தேடினால் என் 32.3தான் கிடைக்கும். 'பிறவி' என்ற சொல் கோப்பில் இருந்தால்தான் கியூவுக்குப் போக முடியும். ஆறு வயதுப் பையனுக்கு டைவர்ட்டிகுலம் என்றால் பிறவியாகத்தான் இருக்கும் என்று கோடருக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பையனுக்கு முதுகுத்தண்டுக் கோளாறால் சிறுநீர்ப்பை இறுகி, உள்ளே அழுத்தம் கூடி, அதனால் சுவர் பிதுங்கியிருக்கலாம். அப்படியானால் அது பிறகு வந்தது. வயதைப் பார்த்து ஊகிக்கக் கோடருக்கு உரிமை இல்லை. மருத்துவருக்குக் க்வெரி அனுப்ப வேண்டும்: பிறவியா, பின்னால் வந்ததா? ஒற்றைச் சொல் பதிலுக்காகக் கோப்பு நாள்கணக்கில் காத்துக்கிடப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

எக்ஸ்ட்ரோஃபியில் இந்தப் பிறவிக் கேள்வி எழாது. அது பிறவிதான், வேறு வழியே இல்லை. அங்கே எழுவது வேறு கேள்வி: கூட இருப்பவற்றை எல்லாம் தனித்தனியாகக் குறிக்க வேண்டுமா? இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பின் முன்பக்க எலும்புகள் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருக்கும். ஆண் குழந்தைக்கு எபிஸ்பேடியாஸும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்க வழிகாட்டுதல் சொல்வது இது: குறைபாட்டுக்கென்று தனிக் குறியீடு இருந்தால், அந்தக் குறைபாட்டின் இயல்பான அங்கமாக இருப்பவற்றைத் தனியே குறிக்கக் கூடாது; அங்கமல்லாதவற்றைக் குறிக்க வேண்டும். விதி படிக்க எளிது. எது அங்கம் என்று சொல்லக் கருவியல் தெரிய வேண்டும். எலும்பு விலகலும் எபிஸ்பேடியாஸும் கிளாசிக் எக்ஸ்ட்ரோஃபியின் பகுதிகள். அவை இல்லாமல் அது கிளாசிக்கே ஆகாது. அதனால் 64.0ஐக் கூடச் சேர்ப்பது ஒரே நோயை இரண்டு தடவை சொல்வதாகும். அதே பையனுக்குக் குடலிறக்கமும் இருந்தால் அது அடிக்கடி கூட வருவதுதான், ஆனாலும் எல்லோருக்கும் வருவதில்லை. தனியே குறிக்க வேண்டும்.

குளோவகல் வகையில் இது இன்னும் கடினம். தொப்புள் வழியே குடல் பிதுங்கி நிற்பது, எக்ஸ்ட்ரோஃபி, ஆசனவாய் இல்லாதது, முதுகுத்தண்டுக் குறைபாடு ஆகிய நான்கும் சேர்ந்து வருவதை ஆங்கில முதலெழுத்துகளை வைத்து ஓஇஐஎஸ் என்று அழைக்கிறார்கள். பட்டியலில் அந்த நான்கும் நான்கு திசையில் சிதறிக் கிடக்கின்றன: தொப்புள் பிதுக்கம் கியூ 79.2, ஆசனவாய் கியூ 42, முதுகுத்தண்டுப் பிளவு கியூ 05, சிறுநீர்ப்பை கியூ 64.12. ஒரே குழந்தையின் ஒரே கருவியல் விபத்து, நான்கு குறியீடுகள். போதாததற்குப் பெயரில் மயக்கும் ஒன்றும் இருக்கிறது: பெர்சிஸ்டெண்ட் குளோவகா. குளோவகா பிரியாமலே நின்றுவிடுவது, ஆனால் வயிற்றுச் சுவர் மூடியிருக்கும். அது செரிமான மண்டலத்தில், கியூ 43.7. குளோவகா என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

குறியீடுகளின் வரிசையும் முக்கியம். குழந்தை பிறக்கும் மருத்துவமனையில் முதல் குறியீடு எப்போதும் இசட் 38, அதாவது உயிருடன் பிறந்த குழந்தை. ஒற்றைக் குழந்தை, இயல்பான பிரசவம் என்றால் இசட் 38.00, சிசேரியன் என்றால் இசட் 38.01. எவ்வளவு பெரிய குறைபாடு இருந்தாலும் கியூ குறியீடு அதற்குப் பின்னால்தான். ஆனால் எக்ஸ்ட்ரோஃபிக் குழந்தைகள் பிறந்த இடத்திலேயே இருப்பது குறைவு. இந்த அறுவை சிகிச்சையில் தேர்ந்த மையங்கள் சிலவே. முதல் சில மணி நேரத்திலேயே குழந்தையை அங்கே அனுப்பிவிடுவார்கள். இசட் 38 ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு முறைதான், பிறந்த இடத்தில் மட்டும். ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையில் அது வரக் கூடாது. அங்கே கியூ 64.1இன் கிளைதான் முதலில் நிற்கும். இதைத் தெரியாத ஆய்வாளர், முதன்மைக் குறியீடு எக்ஸ்ட்ரோஃபியாக உள்ள பதிவுகளை மட்டும் எடுத்தால், மாற்றி அனுப்பாமல் பிறந்த இடத்திலேயே அறுவை செய்துகொண்ட குழந்தைகள் கணக்கில் வராமல் போவார்கள். எல்லா இடத்திலும் இருக்கும் குறியீட்டையும் எடுத்தால் மாற்றி அனுப்பப்பட்ட குழந்தை இரண்டு முறை எண்ணப்படும்.

பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால்? அல்ட்ராசவுண்டில் சிறுநீர்ப்பை நிரம்பித் தெரிய வேண்டிய இடம் திரும்பத் திரும்ப வெறுமையாக இருந்தால் சந்தேகம் வரும். அப்போது குறியீடு தாயின் கோப்பில் விழுகிறது, அங்கே கியூ அத்தியாயத்துக்கு இடமில்லை. அமெரிக்கப் பதிப்பில் ஓ 35.ஈ என்ற பிரிவு, கருவின் சிறுநீர், இனப்பெருக்க மண்டலக் குறைபாட்டுக்காகத் தாய்க்குத் தரும் கவனிப்பைக் குறிக்கும். 2022 அக்டோபரில்தான் அது வந்தது. அதன் ஏழாவது இலக்கம் எந்தக் கரு என்று சொல்லும், இரட்டையர் என்றால் தேவைப்படும். பிறந்த மறுகணம் அந்தக் குறியீட்டுக்கும் குழந்தையின் கியூ குறியீட்டுக்கும் காகிதத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. தாயின் எண்ணும் சேயின் எண்ணும் வெவ்வேறு.

அப்புறம், இந்தக் குறியீடு எப்போது முடிகிறது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவாரசியமான கேள்வி இதுதான். பிறவிக் குறியீட்டை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தலாம். நாற்பது வயதில் கண்டுபிடித்தாலும் கியூதான். ஆனால் குறைபாடு சரிசெய்யப்பட்டுவிட்டால் கியூவை எடுத்துவிட்டு முன்வரலாறு என்ற குறியீட்டுக்கு மாற வேண்டும். சிறுநீர், இனப்பெருக்க மண்டலத்தைச் சேர்ந்த மற்றக் குறைபாடுகளுக்கு அது இசட் 87.718. ஹைப்போஸ்பேடியாஸுக்கு (சிறுநீர்த் துவாரம் ஆண்குறியின் கீழ்ப்பக்கம் திறந்திருப்பது) மட்டும் தனியாக இசட் 87.710 ஒதுக்கியிருக்கிறார்கள், அது அவ்வளவு சகஜம் என்பதால்.

எக்ஸ்ட்ரோஃபியில் 'சரிசெய்யப்பட்டது' என்றால் என்ன? முதல் அறுவையில் சிறுநீர்ப்பையை உள்ளே வைத்து, இடுப்பெலும்பை நெருக்கி, வயிற்றை மூடுகிறார்கள். அமெரிக்காவின் சிகிச்சைக் குறியீட்டுப் பட்டியலான சிபிடியில் அதற்கு 51940. மூடியாகிவிட்டது, வெளியே பார்த்தால் தழும்பு மட்டும். ஆனால் சிறுநீரை அடக்கும் திறன் வந்துவிட்டதா? பல குழந்தைகளுக்கு வரவில்லை. எபிஸ்பேடியாஸைச் சரிசெய்ய இன்னொரு அறுவை, சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்க மற்றொன்று, பை சிறியதாகவே நின்றுவிட்டால் குடலின் ஒரு துண்டைச் சேர்த்துப் பெரிதாக்க இன்னொன்று. சிலருக்குக் குடல்வாலை எடுத்து, தொப்புளிலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு வழி அமைத்து, அதன் வழியே டியூப் விட்டுச் சிறுநீரை வெளியேற்றப் பழக்குவார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் மிட்ரோஃபனோஃப் 1980இல் விவரித்த முறை அது. அந்த வழியோடு வாழ்பவருக்கு இசட் 93.52 என்று ஒரு நிலைக் குறியீடும் உண்டு.

ஆக, பத்து வயதில் அந்தக் குழந்தை மருத்துவமனைக்கு வரும்போது கியூ 64.1இன் கிளையா, இசட் 87.718ஆ? வயிறு மூடியாகிவிட்டது என்று பார்த்தால் பின்னது. வேலை முடியவில்லை என்று பார்த்தால் முன்னது. கட்டம் கட்டமாகச் செய்யும் சிகிச்சையில் கடைசிக் கட்டம் முடியும்வரை கியூ இருப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அடுத்த அறுவை அந்தக் குறைபாட்டுக்காகத்தானே நடக்கப்போகிறது? முன்வரலாறு என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் அதே உறுப்பில் பெரிய அறுவைக்கு அனுமதி கேட்டால், இன்ஷூரன்ஸ் மேசையில் இருப்பவர், முடிந்துபோன நோய்க்கு எதற்கு அறுவை என்று கேட்பதில் ஆச்சரியமில்லை. இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. எல்லாம் முடிந்து, சிறுநீரை அடக்கி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் முப்பது வயதுக்காரர் காய்ச்சலுக்கு வந்தாலும் பழைய கோப்பிலிருந்து கியூ 64.10 தானாக ஒட்டிக்கொண்டு வரும். கணினியில் பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்துப் போடும் பழக்கம் இருக்கும்வரை இது தீராது.

பெரியவர்களிடம் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சில. குடல் சேர்த்துப் பெரிதாக்கிய பையில் கல் உருவாகும், என் 21.0. சிறுவயதிலிருந்தே பல அறுவைகளில் ரப்பர் கையுறைகளோடு பழகியதால் லேடெக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். அதற்கு இசட் 91.040. அறுவை அரங்கில் உயிரைக் காக்கும் தகவல் அது. கோப்பில் எங்கோ ஒரு வரியாகக் கிடப்பதைவிடக் குறியீடாக முன்னால் நிற்பது நல்லது. எக்ஸ்ட்ரோஃபியோடு பிறந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்தும் மற்றவர்களைவிடக் கூடுதல். பழைய குறைபாட்டின் தடயம் கோப்பில் ஏதாவது ஒரு வடிவத்தில், குறைந்தது முன்வரலாற்றுக் குறியீடாகவாவது, இருக்க வேண்டியதற்கு இதுவே போதுமான காரணம். அதனால்தான், சரியாகிவிட்டது என்று கியூவை எடுத்துவிட்டு இசட் எதையும் போடாமல் விடுவது இரண்டு தவறுகளிலும் மோசமானது.

இந்தக் குறியீடுகள் மருத்துவமனையின் பில்லோடு முடிந்துவிடுவதில்லை. இவ்வளவு அரிதான நோயை எந்த ஒரு மருத்துவமனையும் தனியாக எண்ணிப் புரிந்துகொள்ள முடியாது. பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்தால்தான் ஏதோ தெரியவரும். ஐரோப்பாவின் பிறவிக் குறைபாட்டுப் பதிவேடுகளின் கூட்டமைப்பான யூரோகேட், எபிஸ்பேடியாஸையும் எக்ஸ்ட்ரோஃபியையும் ஒரே பிரிவாகச் சேர்த்தே எண்ணுகிறது. அரிய நோய்களுக்கான ஆர்ஃபாநெட் பட்டியலிலோ முழுக் குடும்பத்துக்கும் 322 என்று ஓர் எண், அதன் கீழே எபிஸ்பேடியாஸ், கிளாசிக், குளோவகல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அறுவை மருத்துவர்கள் நோயைப் பார்க்கும் விதத்துக்கு இது பொருந்துகிறது: குடும்பமும் தெரியும், உறுப்பினர் யார் என்பதும் தெரியும். கிளாசிக் வகைக்கு அங்கே பெயர்ப்பலகை இருக்கிறது. இரண்டு எண்களையும் கோப்பில் சேர்த்தே பதியும் மருத்துவமனைகளில், ஐசிடி தவறவிடுவதை ஆர்ஃபாநெட் எண் பிடித்துவைக்கும்.

அமெரிக்கத் தரவுகளில் 2015க்கு முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வுகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய 753.5ஐப் புதிய நான்கோடு இணைத்துப் பார்க்கலாம், நான்கையும் கூட்டினால் பழையதற்குச் சமமாக வரும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் புதிய நான்குக்குள்ளேயே 64.10க்கும் 64.19க்கும் இடையே ஏற்றத்தாழ்வு தெரிந்தால், அதை வைத்து நோயின் வகை மாறுகிறது என்று முடிவுக்கு வர முடியாது. மருத்துவர்கள் எழுதும் பெயர் மாறியிருக்கலாம், கோடர்களுக்குத் தந்த பயிற்சி மாறியிருக்கலாம். அந்த இரண்டையும் கூட்டி ஒன்றாக வைப்பதுதான் பாதுகாப்பு. 64.12ஐ மட்டும் ஓரளவு தனியாக நம்பலாம், குளோவகல் என்று எழுதுபவர் தெரிந்தே எழுதுகிறார்.

பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாடுகள் அவரவர் வேகத்தில் மாறிக்கொண்டிருக்கின்றன. அதில் பிறவிக் குறைபாடுகள் 20ஆம் அத்தியாயம், எல் என்ற எழுத்து. இதில் பெரிய மாற்றம் குறியீடுகளைக் கோத்து எழுதலாம் என்பது. ஒரு மூலக் குறியீட்டோடு இன்னொரு மூலக் குறியீட்டைச் சாய்கோடு போட்டு இணைக்கலாம். கூடுதல் விவரங்களைத் தனிக் குறியால் ஒட்டலாம். ஓஇஐஎஸ் குழந்தையின் நான்கு குறைபாடுகளும் நான்கு தனி வரிகளாகச் சிதறாமல் ஒரே கோவையாக நிற்க முடியும். ஆனால் கோப்பதற்கு மணிகள் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எக்ஸ்ட்ரோஃபி, மூடப்பட்டது' என்று இரண்டே சொற்கள் இருந்தால் அதிலிருந்து கோப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஒரு வரியில் எழுத வேண்டியவை அதிகமில்லை. எந்த வகை, கூடவே வேறு என்னென்ன, சிகிச்சையின் எந்தக் கட்டம், இன்னும் என்ன பாக்கி. 'கிளாசிக் பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி, முதல் மூடல் ஆகிவிட்டது, சிறுநீர் அடக்கும் அறுவை பாக்கி' என்று எழுதியிருந்தால் கோடர் க்வெரி அனுப்ப வேண்டியதே இல்லை. கியூ இருக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் 64.10ஆ 64.19ஆ என்ற கேள்வி மிச்சமிருக்கும், அதை மருத்துவரால் தீர்க்க முடியாது. பட்டியலில் கிளாசிக் என்று ஒரு வரி சேரும்வரை ஒவ்வொரு கோடிங் குழுவும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, அதை எழுதிவைத்து, அதையே கடைசிவரை பின்பற்றுவதுதான் வழி.